பத்திரிகை வைக்க வந்தவள்

சென்னகேசவனின் நாடகங்கள் என்றால் இளவேனிலுக்கு உயிர். துடியலூரில் ஒரு லேபில் பகலெல்லாம் ரத்தம் எடுப்பாள். மிச்ச நேரத்தில் கதை எழுதுவாள். மறைந்த அந்த நாடகாசிரியரின் நினைவுக் கூட்டத்தில், எழுதுகிறவர்கள் அவரிடம் கற்க வேண்டியது என்ன என்று பேசக் கூப்பிட்டபோது, உடனே சரி என்றாள்.

கூட்டத்துக்கு முதல் நாள் அமைப்பாளர் கீதா போன் செய்தாள்.

"அம்மணி, எதை வேணாலும் பேசுங்க. அந்தப் 'பத்திரிகை வைக்க வந்தவள்' நாடகத்த மட்டும் உட்ருங்க."

"ஏனுங்க்கா?"

"வெள்ளியங்கிரி அய்யா முன்வரிசைல இருப்பாருங்க. அவரும் தோட்டத்துக்காரரு, மண்டபமும் அவரு குடுத்தது. எதுக்கு அவரு மனசு சங்கடப்படோணும்?"

"பாக்கறனுங்க்கா" என்று மட்டும் சொன்னாள் இளவேனில்.

அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே அந்த நாடகம்தான். அக்கா கல்யாணத்துக்கு அம்மா காளியாத்தாள், தான் களையெடுத்த ஆனைமலைத் தோப்புக்காரர் வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுபோனாள். "அங்கியே வெச்சுட்டுப் போ" என்றார்கள். மஞ்சள் தடவிய பத்திரிகையை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். இளவேனில் அதைக் கதையாக்கினாள். கதையில் அம்மா இரண்டு பக்கத்துக்குக் கத்தித் தீர்த்தாள். படித்தவர்கள் "அய்யோ பாவம்" என்றார்கள். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது.

அப்புறம்தான் நாடகம் கைக்கு வந்தது. அதிலும் ஒரு கூலிக்காரி தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் பத்திரிகையோடு வருகிறாள். 'அவள் நாற்காலியில் உட்காருகிறாள்' என்று ஒரு குறிப்பு. அவளுக்கு வசனமே கிடையாது. கடைசிவரை தோட்டத்துக்காரர்தான் பேசுகிறார். இளவேனில் அன்றே தன் கதையில் அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துப்போட்டாள்.

கூட்டத்தில் முதலில் பேசியது பம்புசெட் கம்பெனி முதலாளியான வெள்ளியங்கிரி. "சென்னகேசவன் தங்கமான மனுசனுங்க. ஒருத்தரு மனசு நோக எழுத மாட்டாருங்க. இப்ப எழுதற புள்ளைகளுக்குத் தொட்டதுக்கெல்லாம் கோவம். அவருகிட்ட அடக்கத்தக் கத்துக்கோணுமுங்க." நல்ல கைதட்டல்.

இளவேனில் எழுதிவைத்திருந்த பேச்சைப் பைக்குள் போட்டுவிட்டு, நாடகப் பிரதியோடு மேடையேறினாள்.

"அய்யா, உங்க கொரலு கணீர்னு இருக்குதுங்க. ஒரு காட்சி படிக்கறீங்களா? பேசற ஆளு நீங்க. நான் சும்மா கூட இருக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். அந்த நாடகத்தை அவர் படித்ததில்லை என்பது பக்கத்தைப் புரட்டிய விதத்திலேயே தெரிந்தது. ஓரத்தில் நின்ற கீதாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"வா, வா. புள்ளைக்குக் கண்ணாலமாமா? ரொம்ப சந்தோசம்!" தன் வீட்டில் பேசுவதுபோலவே படித்தார். இளவேனில் நடந்துபோய்ச் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, அந்தச் சேரு காலு ஆடுமே. உழுந்துபோடுவே."

யாரோ சிரித்தார்கள்.

"உனக்குக் கீழ உக்காந்துதான பழக்கம். இடுப்பு புடிச்சுக்கப் போகுது."

சிரிப்பு நின்றது.

"ஊட்டுல பொம்பளைக யாரும் இல்ல. இல்லாட்டிக் காப்பி..." வெள்ளியங்கிரி நிமிர்ந்தார். "இது என்னைய வெச்சுப் பேசறதா?"

"இல்லீங்க. நல்ல வசனமெல்லாம் உங்களுக்குத்தான் குடுத்திருக்காரு. எனக்கு ஒரு வரிகூட இல்லீங்க. படிங்க, இன்னும் இருக்குது."

"போதும். எந்திரி."

"காட்சி முடியற வரைக்கும் அவ எந்திரிக்க மாட்டாளுங்க."

அவர் தாள்களை மைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு விடுவிடுவென்று காருக்குப் போனார். நாலைந்து பேர் பின்னாலேயே போனார்கள். இளவேனில் எழவில்லை.

மிச்ச வசனம் அவளுக்கு மனப்பாடம். உட்கார்ந்தபடியே தோட்டத்துக்காரராகப் பேசத் தொடங்கினாள். குரலைக் கடுமையாக்கி அவரை வில்லனாக்கிவிட ஆசையாக இருந்தது. சென்னகேசவன் அப்படிச் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. அந்த மனிதரின் கனிவு, தடுமாற்றம், பயம், ஒன்றையும் விடாமல் கொடுத்தாள். மழையைப் பேசி, மாட்டைப் பேசி, பேச்சு தீர்ந்துபோய், கடைசியில் அந்தத் தோட்டத்துக்காரரே எழுந்து வந்து கையை நீட்டுவார்: "சரி... குடு பத்திரிகைய."

காட்சி முடிந்ததும் எழுந்து மைக்கிடம் வந்தாள்.

"நான் கத்துக்கிட்டது இதுதானுங்க" என்றாள் இளவேனில். "எதிராளிக்கு நாயமா அத்தனை பேச்சையும் குடுத்துப்போடோணும். நம்மாளு அசையாம உக்காந்திருந்தாப் போதும். இதுக்குப் பேரு அடக்கம்னா, நானும் அடக்கமாத்தான் எழுதறேன்."

வாசலில் கீதா பிடித்துக்கொண்டாள். "இனி இந்த மண்டபம் நமக்கில்லீங்க. அடுத்த வருசம் உங்களக் கூப்புடவும் முடியாது."

"கூப்புட வேண்டாமுங்க்கா. அடுத்த மாசம் பஸ் ஸ்டாண்டுகிட்ட நாடகம் முழுசையும் நானே போடறேன். நீங்க வாங்க."

"நான் எப்பிடி அம்மணி வர்றது?"

"வந்து சும்மா உக்காருங்க. போதும்."

இளவேனில் நிமிர்ந்து நடந்து ரோட்டைக் கடந்தாள்.