அத்தானின் காற்றாடியும் இயந்திரத்தின் மூக்கும்

மச்சினிக்கு மதியம்வரைதான் கெடு. டப்பா மூடியின் ஓரத்திலுள்ள சின்னக் கொக்கி முழுசாக வந்தால், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தும் இயந்திரம் அவள் கையில். இல்லாவிட்டால் மறுபடி மூடிகளின் பிசிறு சீவும் மேஜை. சொன்னவர் அக்கா புருஷன், பிளாஸ்டிக் பட்டறை முதலாளி. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பட்டறைக்கே அவள் மச்சினியாகிவிட்டாள்.

காலையிலிருந்து எண்பது மூடி. எண்பதும் மொட்டைக் கொக்கி.

"அழுத்தத்தக் கூட்டு," என்றார் அத்தான், நேற்று வாங்கிய நெட்டைக் காற்றாடிக்கு முன்னால் சட்டையைத் திறந்துவிட்டபடி. அதை யாரும் தொடக்கூடாது. பெற்ற பிள்ளையைக்கூட இவ்வளவு பொத்திப் பார்த்ததில்லை என்று அக்காவே சொல்லியிருக்கிறாள்.

"கூட்டியாச்சு அத்தான். ஓரமெல்லாம் பிதுங்குது, கொக்கிக்கு மட்டும் போகமாட்டேங்குது."

"சூடு?"

"மீட்டர்ல சரியாத்தான் இருக்கு."

"அப்ப உன் கைராசி!"

அச்சிலிருந்து இயந்திரத்தைப் பின்னுக்கு இழுத்து, அதன் மூக்குத் துளை வழியே உருகியதைக் கொஞ்சம் தகட்டில் விட்டுப் பார்த்தாள். தடித்து, சோம்பேறித்தனமாக மடிந்து விழுந்தது. அப்போது அவள் நெற்றி முடி பறந்தது. பறக்கவைத்தது யார்? தலையாட்டிக்கொண்டே வந்த காற்றாடி, அத்தானைத் தாண்டி, இயந்திரத்தின் மூக்கையும் தடவிவிட்டுப் போனது. மீட்டர் பார்ப்பதோ இயந்திரத்தின் வயிற்றுச் சூட்டை மட்டும்!

காற்றாடியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஏய்! கரண்ட் போச்சா?"

"நான்தான் அத்தான். நீங்க குளுகுளுன்னு இருக்கீங்க, மிஷினுக்கு மூக்கு விறைச்சுப் போச்சு."

பத்து நிமிடம் பொறுத்து மறுபடி விட்டாள். அதே பிளாஸ்டிக் குருணைதான், அதே மூக்குத் துளைதான். ஆனால் இப்போது நூலாக, உருகிய கண்ணாடி போல, நடுங்காமல் இறங்கியது. தகட்டைத் தொட்டதும் சுருள்மேல் சுருளாகச் சுற்றிக்கொண்டது. ஜன்னல் வெளிச்சம் அதற்குள்ளே போய் உட்கார்ந்தது. முரண்டு பிடித்ததையெல்லாம் இத்தனூண்டு சூடு கரைத்துவிட்டதே!

அடுத்த மூடியில் கொக்கி முழுசாக இருந்தது. டப்பாவில் அழுத்தினாள். டக்.

அத்தான் வாங்கித் திறந்தார், மூடினார், திறந்தார். வழுக்கையிலிருந்து வியர்வை மூக்குவரை இறங்கியது, துடைக்கவில்லை.

"மேஜைக்கு வேற ஆள் பார்க்கணும்," என்றார் முனகலாக.

மச்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பிளக்கை எடுத்தாள். "காத்தாடிய அந்தப் பக்கம் திருப்பிப் போடட்டுமா?"

"அது கிடக்கட்டும்." குனிந்து தகட்டையே பார்த்தார். "அந்த நூல இன்னொரு தடவ விடேன்."