தோல் வாஷர் போட்ட பேனாக்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் குடிக்கிறவன் இல்லை. பீரைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் சத்துவாச்சாரியில் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பதினோரு பேனாக்கள் நிறைய பிராந்தி இருந்தது.

பார்த்தால் பழைய காலத்து பவுண்டன் பேனா. தடித்த உடம்பு, தங்க முலாம் கிளிப், நிப்பு எல்லாம் இருக்கும். எழுதினால் எழுதாது. அடிப்பக்கத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு வாய் சாராயம் பிடிக்கும். குடிக்குத் தடை இருந்த ஊர்களில் பெரிய மனிதர்கள் இதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நடமாடினார்களாம். முதல் பேனாவை எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மிச்சம் பத்தும் எங்கெங்கோ ஏலத்தில் எடுத்து, தபாலில் வந்தவை.

எல்லாவற்றிலும் கார்க் உதிர்ந்து போயிருந்தது. கம்பெனியில் கழித்துப் போடுகிற தோலில் நானே வாஷர் வெட்டி, மெழுகில் ஊறவைத்துப் போட்டேன். தோல் காய்ந்தால் சுருங்கிவிடும், அதனால் குழாய் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே பிராந்தி. என் வாஷரில் ஒரு சொட்டு வெளியே போகாது என்று யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டுவேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பத்தொன்பது வருஷமாகக் கம்பெனியில் க்வாலிட்டி செக்கிங் என் கையில். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லுகிற முதல் பாடம் இதுதான்: ஒரு ஜோடியில் குறை என்றால் தைத்த ஆளைப் பிடி. எல்லா ஜோடியிலும் ஒரே குறை என்றால் ஆளை விடு, மெட்டீரியலைப் பார்.

என் தம்பி கோபி குடித்துக் குடித்து வேலையையும் பெண்டாட்டியையும் தொலைத்தவன். சிகிச்சை முடிந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். அவன் வருவதற்கு முன்பே இருமல் டானிக்கிலிருந்து ஷேவிங் லோஷன் வரை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். அவன் வந்த அன்று என் மனைவி எழிலரசி அலமாரியைக் காட்டினாள்.

“பேனாவுல இருக்கறதையும் ஊத்திடுங்களேன்.”

“அது சரக்கு இல்லடி, பேனா. வாஷர் காஞ்சிடும்.”

கேட்டுக்கொண்டிருந்த கோபி சிரித்தான். “விடுங்க அண்ணி. அண்ணன் என்னைய வுட்டாலும் வுடும், பேனாவ வுடாது.”

பதினாலு மாதம் அவன் சொட்டுகூடத் தொடவில்லை. தபரேஸ் என்பவருடைய பட்டறையில் ஷூவுக்கு அடி ஒட்டுகிற வேலை. சாயங்காலம் சொல்யூஷன் வாசனையோடு வருவான், கையில் பஜ்ஜிப் பொட்டலம் இருக்கும். உடம்பு தேறி, முகத்தில் களை வந்துவிட்டது. எங்கள் அம்மா இருந்து பார்க்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்திருக்கிறது.

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவா வேண்டும். பேனாக்களைத் துடைக்க எடுத்தவன், ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சி விட்டு அளவு பார்த்தேன். கோபி வருகிற சமயத்தில்தான் வாஷர் போட்டு விளிம்பு வரை நிரப்பியிருந்தேன், அதற்கப்புறம் திறந்ததே இல்லை. முதல் பேனாவில் கால் பங்கு இல்லை. இரண்டாவதிலும் அப்படியே. பதினொன்றிலும் அப்படியே.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “டேய் கோபி!”

வந்தான். குச்சியைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். “இல்லண்ணா. சத்தியமா நான் தொடல.”

“அலமாரி சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கறது உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். ஆனா நான் எடுக்கல. குடிக்கறவன் ஒண்ண காலி பண்ணுவானா, பதினொண்ணுலயும் ஒரே அளவா கொஞ்சம் கொஞ்சம் குடிப்பானா? நீயே யோசி.”

“திருட்டுலகூட அளவு பாத்துச் செஞ்சிருக்கடா நீ.”

அவன் என் கிட்டே வந்தான். “அண்ணா, ஊதறேன். மோந்து பாரு. ஒரே ஒரு வாட்டி.”

“சீ, தள்ளு. உன் நாத்த வாய மோந்து பாக்கத்தான் நான் பொறந்தேனா? வெளிய போ.”

எழிலரசி குறுக்கே வந்தாள், அவளையும் ஏசினேன். கோபி ஒரு பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேனாக்களை நிரப்ப வேண்டுமே என்று அன்று மாலையே டாஸ்மாக் போனேன். அங்கே பக்கத்து பாரில் கோபி உட்கார்ந்திருந்தான். முன்னால் பாதி காலியான குவார்ட்டர் பாட்டில். ‘நான் நினைத்தது சரிதான்’ என்று மனசுக்குள் ஒரு திருப்தி, பாவி எனக்கு.

அவன்தான் முதலில் பேசினான். “இன்னாண்ணா, நீ எதுக்கு இங்க?”

“பேனாவுக்கு.”

“பேனாவுக்கா?” அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண் நிறையத் தண்ணீரும் வந்தது. “சரிண்ணா. போ.”

நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த ஈரல், எழுபது நாள்கூடத் தாங்கவில்லை. கொள்ளி நான்தான் வைத்தேன். சுடுகாட்டில் தபரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டீயைத் தவிர ஒண்ணும் குடிக்கலண்ணே அவன்” என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேனாக்கள்? கோபியை அனுப்பிய அன்றே விளிம்பு வரை நிரப்பி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் அரைஞாணில். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

இந்த வருஷம் மே மாதம், போன வாரம், பெட்டியைத் திறந்தேன். குப்பென்று பிராந்தி நெடி. பயந்துகொண்டேதான் ஈர்க்குச்சியை விட்டேன். பதினொன்றிலும் கால் பங்கு குறைவு. ஒரே அளவு. தோல் மூச்சு விடும் என்று வெளிநாட்டுக்காரர்களிடம் வாய் ஓயாமல் சொல்லி ஷூ விற்கிற கம்பெனி எங்களுடையது. நான் வெட்டிய வாஷர் வழியாக, வேலூர் வெயிலில், பிராந்தி தானாகவே போயிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே குறை. நான் ஆளைப் பிடித்தேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழிலரசி உள்ளே வந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

“இன்னாங்க இது? குடிச்சீங்களா?”

“இல்ல எழில். சத்தியமா நான் தொடல.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அவள் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் குந்தி, என் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாயருகே மூக்கை வைத்தாள்.

“ஊதுங்க.”

ஊதினேன்.

“ம். குடிக்கல” என்றாள்.

அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம். அதைக்கூட என் தம்பிக்கு நான் கொடுக்கவில்லை.