கையை விட்டாலும் நேராகப் போகும் ஜாவா

புட்டராஜுவுக்குக் கோபம் முதலில் நட்டின் மேல் வந்தது, பிறகு ஸ்பேனர் மேல், கடைசியில் மச்சினன் சோமண்ணாவின் மேல்.

காலையிலிருந்து இருவரும் குவெம்புநகர் வீட்டு வாசலில் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளின் கழுத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹேண்டில்பாரைக் கழற்றி, மேல் நட்டை அசைப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. "ஃபோர்க்கைப் பிடிச்சுக்க, விட்டுடாதே" என்று தொண்டை வற்றச் சொல்லியிருந்தார். போன் அடிக்கிறதென்று சோமண்ணா ஒரு கையை எடுத்தான். ஃபோர்க் சரிந்தது. கழுத்துக்குள் இருந்த பேரிங் குண்டுகள் பொலபொலவென்று கொட்டி, பாதி சாக்கடைக்குள் போய்விட்டன.

"கை என்னடா உனக்கு, வாடகைக்கு எடுத்ததா?"

"பழைய குண்டுதானே மாமா? எப்படியும் புதுசுதானே போடப்போறோம்."

அவன் சொன்னது சரியாக இருந்ததால் எரிச்சல் இன்னும் ஏறியது.

இத்தனை பாடும் மனைவி நாகவேணிக்காக. போன மாதம் சாமுண்டி மலையிலிருந்து இறங்கும்போது வளைவில் வண்டி திரும்ப மறுத்து இருவரும் விழுந்தார்கள். அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. "பின்னாடி உக்காந்து ஆடினா வண்டி எப்படித் திரும்பும்?" என்று விழுந்த இடத்திலேயே கத்தினார். ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். தன் அக்கா சரோஜம்மாவிடம் சற்று விரிவாகவே சொன்னார்.

நாகவேணி இனி அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டாள். அக்கி ரொட்டி தட்டுகிற கை மாவுக்கட்டுக்குள் கிடந்தது. மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போனாள். காலியான பின்சீட்டோடு ஓட்ட அவருக்கு என்னவோ போலிருந்தது. விழுந்ததில் வண்டிக் கழுத்து அடிபட்டிருக்கும், அதற்குள் இருக்கும் குண்டும் கிண்ணமுமான கோன் செட்டை மாற்றிவிட்டால் ஏறிவிடுவாள் என்று நம்பினார்.

கீழ்க்கிண்ணம் லேசில் வரவில்லை. கம்பியை உள்ளே விட்டு அடித்து, விரலிலும் ஒரு அடி வாங்கி, ஒருவழியாக எடுத்தார். கிரீஸைத் துடைத்தார். உள்ளே சுற்றிலும், குண்டுக்கு ஒன்றாக, தேய்ந்து பளபளத்த குழிகள்.

சோமண்ணா எட்டிப் பார்த்தான். "இது போன மாசம் விழுந்த குழி இல்ல மாமா. வருஷக்கணக்கா விழுந்தது. நேரா வச்சா குண்டு அதுல போய் உக்காந்துக்கும், அப்புறம் எங்க திரும்ப விடும்? கையை விட்டாலும் நேராப் போகும்னு பெருமையடிப்பீங்களே, அது இதுதான்."

"வாயை மூடு."

அந்தக் கிண்ணத்தையும் சாக்கடையில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் நாகவேணி நல்ல கையில் மோர்ச் சொம்போடு வந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, கிண்ணத்தை நீட்டினார். அவள் சொம்பை வைத்துவிட்டு, குழிகளை விரலால் தடவினாள்.

"அப்ப நான் ஆடல?"

"இல்ல."

"வளைவுல வண்டி முரண்டு பண்ணுதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"சொன்ன."

அவள் உள்ளே போனாள். இத்தோடு விட்டாள் என்று மூச்சுவிட்டார். திரும்பி வந்தவளின் கையில் போன் இருந்தது. ஸ்பீக்கரில் சரோஜம்மாவின் குரல் வாசலெல்லாம் கேட்டது.

"என்ன தம்பி, உன் பொண்டாட்டி இன்னும் ஆடிக்கிட்டுத்தான் உக்கார்றாளா?"

புட்டராஜு கிரீஸ் கையோடு எழுந்து நின்றார்.

"அவ ஆடலக்கா. வண்டிக் கழுத்துலதான் கோளாறு. அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான்தான் கேக்கல."

நாகவேணி போனை அணைத்தாள்.

"அடுத்தது உங்க சித்தப்பா," என்றாள். "நம்பர் போடட்டுமா?"