அரை மாத்திரை

பன்னிரண்டு மாடியை ஒரே மூச்சில் ஏறி மோட்டார் அறைக்குள் நுழைகிறவர் அந்த லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஆறு வருஷத்தில் நடுக்கத்தோடு விறைப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. குளியலறை வாசலில் போய் நின்றால் ஆணியடித்த மாதிரி அங்கேயே நின்றுவிடுவார். மருத்துவமனைச் சீட்டில் பார்க்கின்சன் என்று எழுதியிருந்தது. மூளையில் ஒரு சுரப்பு வற்றிப்போகிறது, மாத்திரை அதை ஈடுகட்டுகிறது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாத்திரை உள்ளே இருக்கும்வரை அவர் நடமாடுகிற மனுஷன். அதன் வேகம் அடங்கினால் மரக்கட்டை.

அவர் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைப்பவள். எட்டரைக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்தால் நாலரைக்குத்தான் எழுந்திருக்க முடியும். அதுவரை வீட்டில் அவர் தனி.

ஒரு நாள் அவள் திரும்பி வந்தபோது குளியலறைத் தரையில் கிடந்தார். காலை பதினோரு மணிக்கு விழுந்தவர். குழாய் சொட்டிச் சொட்டி முதுகெல்லாம் நனைந்து, உதடு நீலம் பாரித்திருந்தது.

"கூப்பிட்டேன். சத்தம் வரல" என்றார். அதுவே அவள் காதை வாயருகே கொண்டுபோனபிறகுதான் கேட்டது.

மறுநாள் காலையில் ஒரு மாத்திரையோடு இன்னொரு அரை மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்க்கவேண்டிய தேதிக்கு இரண்டு மாதம் இருந்தது. அரை மாத்திரையில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள்.

கைமேல் பலன் கிடைத்தது. அன்று மாலை அவரே கதவைத் திறந்தார். மறுநாள் அடுப்பு பற்றவைத்து டீ போட்டு வைத்திருந்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மதிய வேளைக்கும் ஒரு அரையைக் கூட்டினாள்.

மூன்றாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பீரோவின் மேல் பார்த்தார்.

"அவன் யாரு? ரொம்ப நேரமா குந்திக்கிட்டிருக்கான்."

"எவன்?"

"உங்க சித்தப்பா ஜாடைதான். கேட்டுப் பாரு, ஒரு வாய் சாப்பிடுவானான்னு."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் பீரோமேல் மூன்று பேர். அதற்கடுத்த வாரம் அவர்கள் கீழே இறங்கிவந்து, அவளோடு குசுகுசுவென்று பேசுவதாகச் சொன்னார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பில்லை. அரை மாத்திரைதான் இப்படிச் செய்கிறதோ என்று அவளுக்கு உறைத்தது. ஒரு நாள் நிறுத்திப் பார்த்தாள். மாலையில் வந்தபோது அவர் நாற்காலியிலேயே சிறுநீரில் நனைந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த காலை மறுபடியும் மாத்திரையை உடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்தவளை அவர் உள்ளே விடவில்லை. கையில் ஸ்பேனரோடு வாசலை மறித்து நின்றார்.

"என்னங்க, நான்தான். வழி விடுங்க."

"குரலும் அவளை மாதிரியே வச்சிருக்க. என் பொண்டாட்டியை எங்க வச்சிருக்கீங்க? சொல்லு."

இருபத்தாறு வருஷம் ஒரே தலையணையில் படுத்த மனுஷன். வழிந்த கண்ணீரைத் துடைக்காமல் அவளிடமே கெஞ்சினார். "அவளுக்கு முதுகு வலிம்மா. அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அவன் வந்து, எப்படியோ பேசிச் சமாளித்து, அண்ணனைத் தெருமுனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். பின்னாலேயே அவளும் ஓடினாள். ஆர்ப்பாட்டத்தை அடக்க ஒரு ஊசி போடலாம் என்றார் அங்கிருந்த டாக்டர்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?"

கொழுந்தன் அவளைப் பார்த்தான்.

"நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை. எழுதிக் குடுத்தபடிதான்" என்றாள். டாக்டர் என்ன மாத்திரை என்றுகூடக் கேட்காமல் ஊசியைப் போட்டார்.

ஆர்ப்பாட்டம் அடங்கியது. எல்லாமே அடங்கிவிட்டது. மறுநாள் விடியும்போது அவர் பலகையாக விறைத்துக் கிடந்தார். இமை அசையவில்லை. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. ஊட்டிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது. கொழுந்தன் ஆம்புலன்ஸை அழைத்தான்.

பெரிய மருத்துவமனையில் டாக்டரம்மா கிளினிக் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திரை மூளைக்கு எதைக் குடுக்குதோ, அதையே இந்த ஊசி தடுத்துடும். இந்த நோய்க்காரங்களுக்கு இதைப் போடவே கூடாது." பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினார். "ஆனா முதல்ல ஏன் இப்படிப் பேச ஆரம்பிச்சார்? நான் எழுதின அளவுக்கு இது வராதே. நோய் புத்தியையும் தொட்டிருக்கலாம். அப்படின்னா, தேறினாலும் ஆளை அடையாளம் கண்டுக்குவார்னு சொல்ல முடியாது."

கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் பழி முழுக்க நோய்மேல் போய்விடும். ஒருவரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

"நான் கூட்டிக் குடுத்தேன்" என்றாள்.

"என்னது?"

"காலைல அரை, மதியம் அரை. ஏழு வாரமா. சொன்னா நிறுத்தச் சொல்வீங்க. நிறுத்தினா அவர் தரையில கிடப்பார். நான் வேலைக்குப் போகணும், டாக்டரம்மா."

கொழுந்தன் வெளியே போய்விட்டான். இனி அவன் முகத்தில் விழிக்க முடியாது என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஊசி போடக் கூட்டிட்டுப் போனவன் நான்தானே, அண்ணி" என்றான்.

பதினோரு நாள் மூக்குக் குழாய் வழியாக உணவு. அவள் தினமும் கட்டிலருகே உட்கார்ந்து, நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் நாள் விரல் அசைந்தது. பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். கண் மெல்லத் திரும்பி அவளிடம் வந்து நின்றது.

"முதுகு... வலி... எப்படியிருக்கு?"

அவள் கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "மருந்தைக் கூட்டினா கால் ஓடும், புத்தி தடுமாறும். குறைச்சா புத்தி தெளிவா இருக்கும், கால் நகராம நின்னுடும். ரெண்டையும் முழுசா என்னால குடுக்க முடியாது. எதுன்னு அவர் சொல்லட்டும்."

அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது.

"ஆள் தெரியணும்" என்றார்.

அந்த ஏழு வாரத்தைப் பற்றி அவள் ஒருநாள் அவரிடம் சொன்னாள். தலை குனிந்து சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கோபமா, மன்னிப்பா என்று தெரியவில்லை. விறைத்த முகத்தில் எதைப் படிப்பது?

இப்போது அவளுக்கு அரை நாள் வேலை. காலையில் கொழுந்தன் வந்து பார்த்துக்கொள்கிறான். கட்டிலிலிருந்து குளியலறை வரை, அவள் தையல் சாக்பீஸால் அடிக்கொன்றாகக் குறுக்குக் கோடு போட்டிருக்கிறாள். கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் சில சமயம் கேட்கும் என்று மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தார்கள்.

"தாண்டுங்க. அப்படித்தான். இன்னொண்ணு."

நாலு கோடு தாண்டினார். ஐந்தாவதில் நின்றுவிட்டார். அவள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.