உப்புப் பார்க்கும் உரிமை

செங்கல்வராயன் மாமா இருந்தவரை, மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் அவர் போடும் அன்னதானத்தில் சாம்பாருக்கு உப்புப் பார்ப்பது நான்தான். அவருடைய தங்கை மகள். "உம் பேர டிரஸ்ட் பத்திரத்துலயே எழுதிகீறேன் ஞானம்பா" என்பார். மாமா போனார். டிரஸ்ட் அவர் மகன் கங்காதரன் கைக்கு வந்தது. அவன் என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு இங்க இன்னா வேல?"

"பத்திரத்த காட்டு மச்சான். எம்பேரு அதுல இருக்குதா இல்லியானு பாத்துட்டுப் போயிடறேன்."

"அதெல்லாம் காட்ட முடியாது."

மூன்று வருஷம் இதே பதில். எனக்கு வந்த கோபத்தில் விறகில்லாமலே ஒரு அண்டா சோறு வெந்திருக்கும். 1974 தை மாதம், செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தாவிடம் எங்கள் வம்சக் கதையை ஆரம்பித்தேன். அவர் சிரித்தார்.

"நீ யாருன்னே நான் கேக்கலம்மா. நெலத்த வச்சு எழுதிப் பதிவான பத்திரம். யாரு வேணா மனு போட்டு நகல் வாங்கலாம்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் நெய்க்கு அலைந்திருக்கிறேன்!

மாசி மகத்தன்று காலையில் நகலோடு கடற்கரைக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். கங்காதரனோ நகலைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அசல கரையான் தின்னுடுச்சு ஞானம்பா. நைனா செத்த மாசமே. வெளிய தெரிஞ்சா மானம் போவும்னு மறைச்சிட்டேன். அதுல இன்னா எழுதிகீதுன்னு எனக்கே தெரியாது. படி."

படித்தேன். 'உப்புப் பார்ப்பதும் முதல் கரண்டி போடுவதும் என் தங்கை மகள் ஞானம்பாள். என் மகன் கங்காதரனை உப்புப் பானைக்கு அருகே விட வேண்டாம். பந்தியில் பரிமாறுவது அவனே. பசித்தவன் முகம் பார்த்தாலே எவ்வளவு போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.'

"இன்னொரு தபா படி" என்றான். படித்தேன். மூன்றாவது தடவை கடைசி வரியை அவனே சொல்லிப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தான். எனக்கும் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போய், சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கடலே தேவலாம்.

"யாரு மச்சான் உப்பு போட்டது?"

கங்காதரன் உப்புப் பானையைத் தூக்கி என் காலடியில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை எடுக்க ஓடினான்.