சுவரில் ஏறிய விரல்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் உடலை ஏற்றிவரும் வண்டி வருவதற்குள் கூடத்துச் சுவரைத் துடைத்துவிட வேண்டுமென்று மகள் ஈரத்துணியோடு நின்றாள். ஊருக்கெல்லாம் பெயின்ட் அடித்தவர். அவர் வீட்டுச் சுவரிலோ இடுப்புயரத்திலிருந்து தலைக்கு மேல்வரை விரல் அழுக்கு. நேற்றிரவு தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. யாருக்கும் தொந்தரவு தராத சாவு.

பின்னால் சொந்தக்காரர்கள் பேச்சு அவர் தோள்பட்டையையே சுற்றியது. வலது கை தூக்க வராமல் போனதற்கு, காலமெல்லாம் அண்ணாந்தபடி வேலை செய்யவைத்த கான்ட்ராக்டர்தான் பொறுப்பு என்றார் சித்தப்பா. மாத்திரை கொடுத்துக் கைகழுவிய டாக்டர்தான் என்றாள் அத்தை. அவரவர் உடம்புக்கு அவரவர்தான் என்று யாரோ முடித்துவைத்தார்.

மகளுக்குச் சுருக்கென்றது. சில மாதம் முன் போனில் அவளும் அதையேதான் சொன்னாள்: "உங்க தோளு, நீங்கதான் பயிற்சி செய்யணும். நான் வந்து தூக்கிவிட முடியுமா?" அப்பா சிரித்தார். அப்புறம் தோளைப் பற்றிப் பேசவே இல்லை. மனம் விட்டுப்போய்விட்டாரோ என்பதுதான் காலையிலிருந்து அவளை அரித்தது.

துணியைச் சுவரில் வைக்கப் போனவள் நின்றாள். அப்பாவின் தடித்த விரல்கள் மேலே மேலே ஏறியிருந்தன. பக்கத்தில் ஒரு முழு உள்ளங்கை, ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திக் கறுத்திருந்தது. இது யார் கை?

"அது என்னுதும்மா," என்றார் நாற்காலியிலிருந்த பக்கத்து வீட்டு மாமா. பஸ்ஸில் கண்டக்டராக நின்று நின்று முட்டி தேய்ந்தவர். "தோளுக்குப் பயிற்சின்னு உங்கப்பன் சுவத்துல விரலை மேல மேல ஏத்துவான், நான் முழங்கையைப் பிடிச்சுத் தள்ளுவேன். எனக்கு நிக்க வராதில்ல, இன்னொரு கையைச் சுவத்துல ஊணிக்குவேன்."

"அப்பா தினமும் செஞ்சாரா?"

"தனக்குன்னா செய்வானா? சோம்பேறி. நானும்தான். அதான் மாத்திக்கிட்டோம். அவன் தோளுக்கு நான் பொறுப்பு, என் முட்டிக்கு அவன். நாற்காலியில உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கணும் நான். கைப்பிடியைத் தொட்டாப் போதும், 'கையை எடுடா'ன்னு அதட்டுவான்."

மகள் துணியை வாளியில் போட்டாள். உச்சியிலிருந்த தடத்தைத் தொட, குதிகாலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அது நேத்து வச்சது," என்றார் மாமா.

ஆண்டவன் இப்படியும் ஆள் அனுப்பிவைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். மாமா கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றினார்.

"கையை எடுங்க மாமா," என்றாள் மகள், மெதுவாக.

அவர் அவளைப் பார்த்தார். கையை எடுத்தார். முட்டி நடுங்க, தானே எழுந்து நின்றார்.