வண்டி வளைவைத் தாண்டட்டும்

ஐஸ் பெட்டி வாசலில் சிக்கிக்கொண்டது. முன்னால் பிடித்தவர்கள் உள்ளே, பின்னால் பிடித்தவர்கள் வெளியே. நடுவில் பெட்டி அங்கேயும் போகாமல் இங்கேயும் வராமல் நின்றது. "சாய்ச்சுப் பிடிங்கப்பா", "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மோட்டார்காரர் திருப்புளியை எடுத்துவந்து கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது அவர் தொழில். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நிலமும் உண்டு. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எது என்று ஊரில் கேட்டால் விழிப்பார்கள். அவர் மனைவியும் அப்படித்தான், எல்லோருக்கும் டெய்லரக்கா. உள்ளே கட்டிலில் கிடப்பது அவள்தான். இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த மூச்சு, விடிவதற்குள் நின்றுபோயிருந்தது.

வாசல் குறுகல், பீரோ வாங்கினால் உள்ளே வராது என்று அவள் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் பீரோ வரட்டும், அப்புறம் வாசலைப் பார்க்கலாம் என்று அவரும் சளைக்காமல் சொல்லிவந்தார். பீரோ கடைசிவரை வரவில்லை. கடைசிக் கீலைக் கழற்றும்போது அவருக்குக் கண்ணை மறைத்தது. வேர்வையா வேறெதுவுமா என்று துண்டால் துடைத்தவருக்கே தெரியவில்லை. அப்படி ஒரு புழுக்கம்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் பக்கத்து வயல் டிராக்டர்காரர். யாரும் கேட்காமலே டவுனுக்கு ஆள் அனுப்பி, விடிந்ததும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தண்ணீர் கேன், நாற்காலி, பந்தல் எல்லாம் அவர் ஏற்பாடுதான். தையல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பெட்டியை மாட்டினார்கள். மெஷினில் ஒரு கை மட்டும் வைத்த சட்டை ஒன்று ஊசியோடு கிடந்தது. துக்கத்துக்கு வந்திருந்த ஒரு பெண் அதை அடிக்கடி பார்த்தாள். அவளுடைய மகன் சட்டையாக இருக்கும். கேட்க வாய் வராமல் தவித்தாள், பாவம்.

கொஞ்சம் வெயில் ஏறியதும் மோட்டார்காரர் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். வாளியில் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். வயல்களுக்கு அப்பால் தண்ணீர் டேங்க் தெரிந்தது. அதற்குப் பின்னால் ரைஸ்மில் கூரை, அதற்கும் பின்னால் பனைமர வரிசை. அறுவடை முடிந்ததிலிருந்து இவையெல்லாம் எங்கே போயிருந்தன? பத்தடி தள்ளி நிற்கிற தென்னையே மங்கலாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். தொண்டை கரகரக்கவில்லை. வெறும் ஈரக் காற்று.

"என்ன மாமா, அப்படிப் பாக்கறீங்க?" என்று பின்னாலேயே வந்தான் மைத்துனன். டெய்லரக்காவின் தம்பி.

"புகையே இல்லையே மாப்ள."

"எல்லாரும் நிறுத்திட்டாங்க மாமா. டிராக்டர்காரர் காலையிலயே ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லிட்டாராம். அக்காவை எடுக்கற வரைக்கும் ஒருத்தனும் தீப்பெட்டியத் தொடக்கூடாதுன்னு. ஒரு மரியாதைக்கு."

மரியாதை. மோட்டார்காரர் வாளியிலிருந்து கையை எடுத்தார்.

போன வாரம் அவரும் அதே வீடுகளுக்குத்தான் ஒவ்வொன்றாகப் போனார். அறுப்பு மெஷின் விட்டுப்போன நெல்தாளை எரிக்காமல் அடுத்த நடவுக்கு நிலம் தயாராகாது. அது அவருக்குத் தெரியாததல்ல, அவரும் எரிக்கிறவர்தான். வருஷா வருஷம் டெய்லரக்காவே கூட நின்று கவட்டைக் குச்சியால் தாளைத் தீயில் தள்ளிவிட்டவள். அதனால் நிறுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே நாளில் கொளுத்தாமல், ஆள் மாற்றி ஆள் கொளுத்துங்கள், அவள் கொஞ்சம் தேறட்டும் என்றுதான் கேட்டார். எல்லாரும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். "பாக்கலாம்ணே" என்றார்கள். "காத்து இப்போ அந்தப் பக்கம்தானே அடிக்குது" என்றார் டிராக்டர்காரர். அன்று சாயங்காலமே நான்கு பக்கமும் எரிந்தது, அதன்பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்தது. காற்று அந்தப் பக்கமும் அடிக்கவில்லை, இந்தப் பக்கமும் அடிக்கவில்லை. புகை இறங்கி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இருமி இருமி ஓய்ந்தபோது அவள் சொன்னாள், "எனக்காக ஊரே விரதம் இருக்குமா? நீங்க வேற, போய்க் கெஞ்சிட்டு வர்றீங்க."

இப்போது ஊரே விரதம் இருக்கிறது. உயிரோடு இருந்தவளுக்கு ஒரு வேளை கிடைக்காத காற்று பிணத்துக்குக் கிடைத்திருக்கிறது. மோட்டார்காரருக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, அந்த வாளியைத் தூக்கி யார் தலையிலாவது அடிக்கலாம் போல வந்தது. ஆனால் யார் தலையில்? ஐஸ் பெட்டி கொண்டுவந்தவன் தலையிலா? முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மகளுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. அவள் இருப்பது தூரத்தில். மருமகன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அந்த வேனிலேயே குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், சாயங்காலம் வந்துவிடுவார்கள். அந்தக் குழந்தைக்கும் மூச்சிழுப்பு உண்டு. "என் சொத்துன்னு அதுக்குப் போய்ச் சேர்ந்தது இது ஒண்ணுதான்" என்பாள் டெய்லரக்கா. போன வருஷம் இதே நாட்களில் வந்தபோது குழந்தைக்கு உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு டெய்லரக்கா ஒரே பிடியாக நின்றாள். தீ வைக்கிற மாதம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தன் உடம்புக்கு வந்ததையும் சளி, சாதாரணச் சளி என்றே போனில் சொல்லிவந்தாள். அருகில் நின்ற மோட்டார்காரர் வாயைத் திறந்தால் கண்ணாலேயே அடக்கினாள்.

மதியம் டிராக்டர்காரர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைத் தொங்கப்போட்டு, துண்டை முறுக்கி, அவிழ்த்து, மறுபடி முறுக்கினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க பொண்ணு அஞ்சு மணிக்கு வந்துடும்ல? முகத்தப் பாத்ததும் எடுத்துடலாமா? இந்தப் புழுக்கத்துல பெட்டியும் எவ்வளவு நேரம் தாங்கும்? கரண்ட் வேற போய்ப் போய் வருது."

மோட்டார்காரர் வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் கருக்கட்டியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. மழை விழுந்தால் தாள் நனையும். நனைந்த தாள் எரியாது, அழுகும். உழுதால் கலப்பையில் சுற்றிக்கொள்ளும். நடவு தள்ளும், தண்ணீர் முறை தவறும். டிராக்டர்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார்.

ஆறு மணிக்கு எடுத்தால் ஆறரைக்குத் தீ வைப்பார்கள். மிச்சமிருக்கிற எல்லா வயலும் ஒன்றாக. குழந்தை வீட்டுக்குள் இருக்கும்.

"நாளைக்குக் காலையிலதான் எடுக்கறேன்" என்றார்.

டிராக்டர்காரர் நிமிர்ந்தார். "அண்ணே, வேற யாரு வரணும்?"

"யாரும் வர வேண்டாம்."

"அப்புறம் எதுக்குண்ணே? மழை வரும்ங்கறாங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, உங்க ஒரு வார்த்தைக்காக."

"போன வாரம் நான் காத்துக்கிட்டிருந்தேன். உங்க ஒரு வார்த்தைக்காக."

டிராக்டர்காரரின் கையில் துண்டு நின்றது. மோட்டார்காரருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. ஜென்மத்தில் யாரையும் அவர் இப்படிக் குத்திப் பேசியதில்லை. அந்த வேலையெல்லாம் அவளுடையது.

"பழி வாங்கறதுக்குச் சொல்லலைப்பா," என்று குரலை இறக்கினார். "அந்தச் சின்னது வருது. உனக்குத் தெரியும்ல, போன வருஷம் உன் வண்டியிலதானே தூக்கிட்டுப் போனோம். அது வந்து, ராத்திரி தங்கி, திரும்பிப் போற வரைக்கும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"மழை பெஞ்சுட்டா?"

"பெஞ்சா என் தாளும்தான் நனையும். நான் மட்டும் என்ன குடையா பிடிச்சு வெச்சிருக்கேன்?"

டிராக்டர்காரர் எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தால் போகவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, "சொல்றேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலம் வேன் வந்தது. மகள் இறங்கி ஓடிவந்து பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்து, குழந்தைக்குப் பால் கலக்கும்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தாள். குழந்தை கொல்லையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு தும்மல் இல்லை. மூச்சுக்கு மருந்து பிடிக்கக் கொண்டுவந்த மெஷின் பையிலேயே இருந்தது.

"காத்து நல்லாத்தானேப்பா இருக்கு," என்றாள் மகள். "வராதே வராதேன்னு அம்மா பயமுறுத்திட்டே இருந்தா. நானும் நம்பிட்டு அங்கயே உக்காந்திருந்தேன். வந்திருந்தா பாத்திருப்பேன்ல?"

மைத்துனன் வாயைத் திறந்தான். மோட்டார்காரர் அவனைக் கண்ணாலேயே அடக்கினார்.

"இன்னைக்கு நல்லா இருக்கும்மா," என்றார்.

இரவு முழுக்க இடி உறுமியது, மழை விழவில்லை. ஒரு இலை அசையவில்லை. ஊர் முழுக்கப் படுக்காமல் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் தீப்பெட்டியைத் தொடவில்லை.

காலையில் அடக்கம் முடிந்தது. டிராக்டர்காரர்தான் முதல் ஆளாகத் தோள் கொடுத்தார், கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. திரும்பி வந்து கால் கழுவுவதற்குள் மோட்டார்காரர் மகளுடைய பையை எடுத்து வேனில் வைத்துவிட்டார்.

"என்னப்பா இது?"

"கிளம்பும்மா. மழைக்கு முன்னாடி ரோட்டைப் பிடிச்சுடுங்க."

"அம்மாவ எடுத்த கையோட என்னைத் துரத்தறீங்களா? நாலு நாள் உங்ககூட இருக்கலாம்னு வந்தா..."

"இருக்கலாம். அடுத்த மாசம் வந்து இரு."

அவள் அப்பாவை முறைத்தாள். பிறகு, அவர் ஏன் வயல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசுகிறார் என்று அவளும் அந்தப் பக்கம் திரும்பினாள். வரப்புகளில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அடக்கத்துக்கு வந்த அதே சட்டைகள்தான். ஒவ்வொருவர் கையிலும் முறுக்கிய வைக்கோல் புரி. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வானம் தலைக்கு மேல் தொங்கியது. மகள் வெகுநேரம் பார்த்தாள். நேற்றுத் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்களும் வாங்கப்பா," என்றாள், சின்னக் குரலில்.

"நம்ம தாளும் நிக்குதேம்மா."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

டிராக்டர்காரர் வரப்பிலிருந்து வேகமாக வந்தார். வேனைப் பார்க்காமல் மோட்டார்காரரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், "எப்போண்ணே?"

"வண்டி வளைவைத் தாண்டட்டும். நான் ரோட்டுல நிக்கறேன். கையத் தூக்கினா வெச்சுக்கங்க."

"உங்களுதையும் நானே பாத்துக்கட்டுமா?"

மோட்டார்காரர் சரியென்று தலையை ஆட்டினார்.

வேன் நகர்ந்தது. அந்த ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்ததால் மருமகன் மெதுவாகத்தான் ஓட்டினான். குழந்தை அம்மாவின் மடியிலிருந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கையை ஆட்டியது. "டாட்டா தாத்தா!"

மோட்டார்காரரின் கை தானாக மேலே வரப் பார்த்தது. அதை மற்றக் கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வரப்புகளில் எல்லாத் தலைகளும் இப்போது அவர் பக்கம்தான் திரும்பியிருந்தன.

தாத்தா பார்க்கவில்லை என்று குழந்தை நினைத்திருக்கும். இன்னும் உரக்கக் கூப்பிட்டது. இரண்டு கைகளையும் ஆட்டியது. வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மகள் குழந்தையை உள்ளே இழுத்துக் கண்ணாடியை ஏற்றினாள். கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு சின்னக் கை அசைந்துகொண்டே இருந்தது. மோட்டார்காரர் கையைக் கட்டிக்கொண்டு, காவலுக்கு நிற்கிற ஆள் மாதிரி நின்றார்.

வேன் வளைவில் திரும்பியது. கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்து மோட்டார்காரர் கையைத் தூக்கினார். பின்னால் தாள் படபடவென்று பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. முதலில் ஒரு வயலில், பிறகு எல்லா வயல்களிலும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கையையும் இறக்கவில்லை.